ரவுட்டரில் வி.பி.என்.: மறுமுனையைப் பற்றிய ஒரு விசாரம்

தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்திலோ அலமாரியின் உச்சியிலோ சிறு விளக்குகள் மினுங்க உட்கார்ந்திருக்கும் ரவுட்டர் என்னும் யந்திரத்தில் வி.பி.என். அமைத்துக்கொள்ளும் வழக்கம், கணினித் தொழிலில் ஊறியவர்களோடு நின்றுவிடாமல், மாதச் சந்தா கட்டி இணையத்தைப் பயன்படுத்தும் சாதாரணக் குடும்பஸ்தர்களிடமும் இப்போது பரவிவருகிறது. இதைச் சிபாரிசு செய்கிறவர்கள் பாதுகாப்பு, அந்தரங்கம், சுதந்திரம் ஆகிய மூன்று பெரிய சொற்களையும் ஒரே மூச்சில் சொல்லுகிறார்கள். குறை கூறுகிறவர்களோ, வேகம் குறைகிறது, சிக்கல் மிகுகிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளுகிறார்கள். இரு சாராரும் விஷயத்தின் மையத்தைத் தொடவில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஏனென்றால், ஒரே பெயரால் வழங்கும் இந்த ஏற்பாடு உண்மையில் நேர் எதிரான இரண்டு காரியங்களைக் குறிக்கிறது. வீட்டிலிருந்து புறப்படும் போக்குவரத்து முழுவதையும், பணம் கட்டி அமர்த்திக்கொண்ட ஒரு வி.பி.என். ஸ்தாபனத்தின் சர்வருக்கு ரவுட்டர் வழியாக அனுப்பிவைப்பது ஒன்று. ரவுட்டரையே சர்வராக்கி, வெளியூரில் இருக்கும் குடும்பத்தார் தங்கள் கைப்பேசியிலிருந்தோ மடிக்கணினியிலிருந்தோ வீட்டு வலையமைப்புக்குள் பத்திரமாக வந்து சேரும்படி செய்வது மற்றொன்று. இரண்டிலும் மென்பொருள் ஒன்றே, மறையாக்க முறை ஒன்றே, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் நாம் நிரப்பும் கட்டங்கள்கூட ஏறக்குறைய ஒன்றே. ஆனால் வி.பி.என். அமைக்கும் மறைவழியாகிய சுரங்கத்தின் மறுமுனையில் இருப்பவர் முதலாவதில் அந்நியர், இரண்டாவதில் நம் வீட்டார். இவ்வழக்கத்தின் குணங்களும் தோஷங்களும் பெரும்பாலும் இந்த ஒரு பேதத்திலிருந்தே பிறக்கின்றன. ஆகவே இதை எடைபோட விரும்புகிறவர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, மறுமுனை யாருடையது என்பதே.

வேலை நடக்கும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விலாசம் எழுதி ஒட்டிய கடிதத்தை அப்படியே மற்றோர் உறைக்குள் இட்டு முத்திரை வைத்து, வெளியுறையில் வேறொருவருடைய விலாசத்தை எழுதி அனுப்பினால், வழியிலுள்ள தபால்காரர்களுக்கு அந்த இரண்டாவது விலாசம் மட்டுமே தெரியும்; அதைப் பெற்றுக்கொண்டவர் முத்திரையை உடைத்து உள்ளுறையை அதன் உண்மையான விலாசத்துக்குச் சேர்ப்பார். வி.பி.என். ஒவ்வொரு தகவல் பொதிக்கும் இதைத்தான் செய்கிறது. இந்த வேலையைக் கைப்பேசியிலும் கணினியிலும் தனித்தனியே செய்ய முடியுமென்றாலும், வீட்டுக்குள் வரும் பொருள்களில் பல அதற்கு இடம் கொடுப்பதில்லை. தொலைக்காட்சிப் பெட்டிகள் பலவற்றிலும், அச்சு யந்திரத்திலும், வாசலில் மாட்டிய காமிராவிலும் வி.பி.என். செயலியை நிறுவ வழியில்லை. வீட்டுக் கருவிகள் யாவும் எந்த யந்திரத்தின் வழியாக வெளியே போகின்றனவோ அந்த யந்திரத்திலேயே வேலையைச் செய்துவிட்டால், அவை ஒவ்வொன்றும் தான் அறியாமலே அந்த ஏற்பாட்டின் பயனைப் பெறுகின்றன. ரவுட்டரில் அமைப்பதன் தலையாய சிறப்பு இது. பின்னால் பார்க்கப்போவதுபோல் அதன் தலையாய குறையும் இதிலேதான் இருக்கிறது.

சாதாரண மனிதனுக்கு இந்த அதிகாரம் எப்படிக் கைவந்தது என்பதை நினைவுகூர்வது நன்றியறிதலின்பாற்படும். 2002-ஆம் ஆண்டின் இறுதியில் லின்க்ஸிஸ் ஸ்தாபனம் வெளியிட்ட டபிள்யூ.ஆர்.டி. 54ஜி என்ற ரவுட்டருக்குள் லினக்ஸ் இயங்குவதைச் சில ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். லினக்ஸின் உரிம நிபந்தனைப்படி மூலநிரலை வெளியிட்டாக வேண்டும் என்று அவர்கள் வற்புறுத்தியதன் விளைவாக 2003-இல் அது வெளியாயிற்று. அந்த வித்திலிருந்து 2004-இல் ஓப்பன்டபிள்யூ.ஆர்.டி. என்ற சுதந்திர மென்பொருள் முளைத்தது, டி.டி.-டபிள்யூ.ஆர்.டி., டொமேட்டோ முதலியவை அதனோடு சேர்ந்து வளர்ந்தன. அதுவரை பெரும்பாலும் அலுவலகங்களின் விலையுயர்ந்த யந்திரங்களுக்கே உரியதாக இருந்த வி.பி.என்., அதன்பின் சொற்ப விலைப் பெட்டி ஒன்றிலும் இயங்கலாயிற்று. இன்று உற்பத்தியாளர்களே தங்கள் ரவுட்டர்களின் அமைப்புப் பக்கத்தில் வி.பி.என். என்று ஒரு பகுதியை வைத்திருக்கிறார்கள் என்றால், அதற்கு வழி வெட்டியவர்கள் சம்பளம் வாங்காமல் உழைத்த அந்த ஆர்வலர்களே.

மென்பொருளின் வரலாறும் நம் கேள்விக்கு வெளிச்சம் தருகிறது. ஓப்பன்வி.பி.என். என்பதை 2001-இல் எழுதிய ஜேம்ஸ் யோனன், மத்திய ஆசியாவில் பிரயாணம் செய்துகொண்டே தம்முடைய அலுவலக வேலையைப் பார்த்துவந்தவர். தாம் நம்ப இயலாத நாடுகளின் கம்பிகள் வழியாகத் தம் அலுவலகத்துக்குப் போய்ச்சேர வேண்டியிருந்ததே அவரை இம்முயற்சியில் இறங்கச் செய்தது. இரு முனைகளும் ஒருவருக்கே உரியவை. நடுவில் உள்ள பாதை மட்டும் அந்நியருடையது. வி.பி.என். தோன்றியது இந்த நிலைமைக்காக. மறுமுனையை ஒரு வியாபாரியிடம் வாடகைக்கு எடுத்துக்கொண்டு, அதன் மறைவில் உலாவுவது என்பது பிற்பாடு வந்து சேர்ந்த பிரயோகம். விளம்பரங்களின் பலத்தால் இன்று அதுவே முதன்மையானதாகத் தோற்றமளிக்கிறது.

எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது என்ற விஷயத்தில் நீண்ட விவாதம் வேண்டியதில்லை. பழைய ரவுட்டர்களின் பட்டியலில் இன்னமும் முதலாவதாக நிற்கும் பி.பி.டி.பி. என்பதைத் தொடவே கூடாது. அதில் வழக்கமாகக் கையாளப்படும் கடவுச்சொல் சோதனை முறையை உடைக்க ஒரே ஒரு 56-பிட் சாவியைத் தேடிக் கண்டுபிடித்தால் போதும் என்று 2012-இல் மாக்ஸி மார்லின்ஸ்பைக்கும் டேவிட் ஹல்டனும் நிரூபித்துவிட்டார்கள். அமைப்பது சுலபம் என்பதற்காக அதைத் தேர்ந்துகொள்ளுகிறவர்கள் பாதுகாப்பு இருப்பதாக எண்ணிக்கொண்டு பாதுகாப்பின்றி வாழ்கிறார்கள். ஓப்பன்வி.பி.என். இன்றும் நம்பத்தக்கதே. ஆயினும் வீட்டு ரவுட்டருக்கு மிகவும் ஏற்றது ஜேசன் டோனன்ஃபெல்ட் இயற்றிய வயர்கார்ட். நாலாயிரம் வரிகளுக்கு உட்பட்ட நிரலாக அவர் அறிமுகப்படுத்திய அது, 2020 மார்ச்சில் வெளிவந்த லினக்ஸ் 5.6-இல் கெர்னல் என்னும் கருவோடு சேர்த்துக்கொள்ளப்பட்டது. ஒருவரே உட்கார்ந்து ஆதியோடந்தமாகப் படித்து ஆராய்ந்துவிடக்கூடிய அளவில் ஒரு பாதுகாப்பு மென்பொருள் இருப்பது சாமானியமான நன்மை அன்று.

வேகம் குறைவதன் காரணத்தை இங்கே விளக்கவேண்டும். ஏனெனில் பலர் அதற்குத் தங்கள் இணையச் சேவைக்காரரைக் குறை கூறுகிறார்கள். வீட்டு ரவுட்டரின் மூளை மிகவும் எளிய மூளை. நூற்றுக்கணக்கான மெகாபிட் வேகத்தை அது தாங்குவதற்குக் காரணம், சாதாரணப் பொதிகளை மூளை வரையில் கொண்டுபோகாமல் குறுக்குவழியில் தள்ளிவிடும் பிரத்தியேகச் சில்லுப் பகுதி ஒன்று அதனுள் இருப்பதே. வி.பி.என். வந்தவுடன் அந்தக் குறுக்குவழி அடைபட்டுப்போகிறது. ஒவ்வொரு பொதியையும் மூளையே எடுத்து மறையாக்கி அனுப்பவேண்டும். ஓப்பன்வி.பி.என்., தன் வழக்கமான அமைப்பில், லினக்ஸின் கருவுக்கு வெளியே, மூளையின் ஒரே ஒரு கூறைக்கொண்டு இயங்குவதால், பொதி ஒவ்வொன்றும் கருவிலிருந்து வெளியே வந்து மறையாக்கம் பெற்று மறுபடியும் கருவுக்குள் போகிறது. அது வழக்கமாகக் கையாளும் ஏ.இ.எஸ். மறையாக்கத்துக்கென்று மேசைக் கணினிகளில் அமைந்த விசேஷக் கட்டளைகள் மலிவான ரவுட்டர்கள் பலவற்றில் கிடையா. நூறு மெகாபிட் இணைப்பு வைத்திருப்பவர் பழைய ரவுட்டரில் ஓப்பன்வி.பி.என். போட்டவுடன் பத்து அல்லது இருபது மெகாபிட்டுக்கு இறங்கிவிடுவதன் மர்மம் இதுதான். வயர்கார்ட் கருவுக்குள்ளேயே இயங்குவதாலும், விசேஷக் கட்டளைகள் இல்லாமலே விரைவாகக் கணக்கிடக்கூடிய சாச்சா20 என்ற முறையைக் கையாளுவதாலும் அதே பெட்டியில் பல மடங்கு வேகம் தருகிறது. ஆகவே வேகக் குறைவு என்பது சகித்துக்கொள்ளவோ நீக்கிக்கொள்ளவோ கூடிய குறைதான். அதை வைத்து இவ்வழக்கத்தை நிராகரிக்கத் தேவையில்லை.

இதைவிட நுட்பமான இரண்டு இடர்கள் இருக்கின்றன. இவற்றைக் கிட்டத்திலிருந்து பார்ப்பது நல்லது.

உறைக்குள் உறை இட்டால் கனம் கூடும் என்பது வெளிப்படை. ஈதர்நெட் வழியில் ஒரு பொதியின் மேலெல்லை 1500 பைட்டு. வயர்கார்ட் தன் வெளியுறைக்காக அதிகபட்சம் 80 பைட்டை எடுத்துக்கொள்வதால் உள்ளே மிஞ்சுவது 1420. ஆனால் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் பி.பி.பி.ஓ.இ. முறையில், சுரங்கம் தொடங்குவதற்கு முன்பே 8 பைட்டு போய்விடுகிறது. அங்கே 1412 என்று வைப்பதே பத்திரம். இந்த எட்டைக் கவனிக்காமல் விட்டவருடைய வீட்டில் சில சமயம் நடப்பது விசித்திரமாயிருக்கும்: சுரங்கம் இணைந்துவிட்டதாக ரவுட்டர் சொல்லும், சிறிய பக்கங்கள் திறக்கும், வாட்ஸப்பில் எழுத்துச் செய்தி போகும், படம் நிறைந்த ஒரு பக்கத்தைத் திறந்தால் மட்டும் அது பாதியில் அசையாமல் நின்றுவிடும். எல்லையை மீறிய பொதிகளைப் பற்றி அனுப்பியவருக்குத் தெரிவிக்கவேண்டிய அறிவிப்புகளை வழியிலுள்ள சில யந்திரங்கள் தடுத்துவிடுவதால் நேரும் கோளாறு இது. அளவைக் குறைத்து, இணைப்புத் தொடங்கும்போதே அதற்கேற்பப் பொதியின் உச்ச அளவைத் திருத்தும்படி ரவுட்டரில் அமைத்தால் தீர்ந்துபோகும். ஆனால் இன்ன நோய்க்கு இதுவே மருந்து என்று தெரியாத குடும்பஸ்தர், வி.பி.என். என்பதே வம்பு என்று முடிவு கட்டிவிடுகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது இடர் மின்வெட்டோடு சம்பந்தப்பட்டது. ஆகையால் நம் ஊர்களில் இதற்கு விசேஷ முக்கியத்துவம் உண்டு. கைக்கடிகாரத்தில் இருப்பதுபோன்ற ஒரு சிறு பேட்டரி வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலானவற்றில் கிடையாது. மின்சாரம் போய் வந்தால் ரவுட்டருக்குத் தேதி மறந்துவிடுகிறது. பழைய தேதி ஒன்றிலிருந்து கண்விழித்து, இணையத்தில் உள்ள நேரச் சர்வரைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும். வயர்கார்டோ, ஒருமுறை வந்த கைகுலுக்கல் செய்தியைக் களவாடி மறுபடி அனுப்புகிறவர்களைத் தடுப்பதற்காக, ஒவ்வொரு கைகுலுக்கலிலும் நேரத்தைப் பொறித்து அனுப்புகிறது; முன்பு வந்ததைவிடப் பிந்திய நேரம் பொறித்ததாக இருந்தால்தான் மறுமுனை ஏற்றுக்கொள்ளும். தேதி பின்னுக்குப் போன ரவுட்டரின் கைகுலுக்கலை மறுமுனை பேசாமல் புறக்கணித்துவிடும். இப்போது, எல்லாப் போக்குவரத்தும் சுரங்கத்தின் வழியாகவே போகவேண்டும் என்று கண்டிப்பாக அமைத்திருக்கும் வீட்டில் என்ன ஆகும்? நேரத்தைக் கேட்கச் சுரங்கம் வேண்டும். சுரங்கம் திறக்கச் சரியான நேரம் வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று எதிர்பார்த்து நிற்க, வீடு முழுவதும் இணையம் இல்லாமற் போகும். ஓப்பன்வி.பி.என்.னிலும், சான்றிதழ் செல்லுபடியாகத் தொடங்கும் நாள் இன்னும் வரவில்லை என்று ரவுட்டர் எண்ணிக்கொள்வதால், இதே கதி நேரலாம். நேரச் சர்வருக்குப் போகும் கேள்வியை மட்டும் சுரங்கத்துக்கு வெளியே விடுவதும், அந்தச் சர்வரைப் பெயரால் அழைக்காமல் ஐ.பி. விலாசத்தால் அழைப்பதும் பரிகாரம். அமைக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்லும் வழிகாட்டிகளில் இந்த விஷயம் அபூர்வமாகவே காணப்படுகிறது.

இனி, மறுமுனை அந்நியருடையதாக இருக்கும் முதல் ஏற்பாட்டை எடுத்துக்கொள்வோம். நாம் பார்க்கும் தளங்களை நம் இணையச் சேவைக்காரர் அறியாதபடி செய்வதே அதன் வாக்குறுதி. அந்த வாக்குறுதி நிறைவேறுகிறது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் சேவைக்காரர் எதைக் காணாமற் போகிறாரோ அதை வி.பி.என். ஸ்தாபனம் காண்கிறது, கண் ஒன்று மூடி மற்றொன்று திறக்கிறது. முன்னவர் நம் நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, உரிமம் பெற்று, நம் ஊரில் ஓர் அலுவலகமும் வைத்திருப்பவர். பின்னவருடைய பெயர்ப்பலகை எந்தத் தீவில் தொங்குகிறது என்பதுகூட நம்மில் பலருக்குத் தெரியாது. பதிவேடு எதையும் வைத்துக்கொள்வதில்லை என்று அவர் சொல்லுவதை, வெளியார் வந்து தணிக்கை செய்த ஒருசில சந்தர்ப்பங்கள் நீங்கலாக, நாம் வாய்ச்சொல்லாகவே ஏற்கவேண்டியிருக்கிறது.

மேலும், மறைப்பதற்கு மிஞ்சியிருப்பது எவ்வளவு என்பதையும் பார்க்கவேண்டும். அமெரிக்க அரசாங்கத்தின் இணையக் கண்காணிப்பைப் பற்றி 2013-இல் எட்வர்ட் ஸ்னோடன் வெளிப்படுத்திய உண்மைகளுக்குப் பிறகும், 2015-இன் இறுதியில் லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசச் சான்றிதழ்களை எல்லோருக்கும் வழங்கத் தொடங்கிய பிறகும், இணையதளங்களில் பெரும்பாலானவை தாமே மறையாக்கத்தோடு பேசுகின்றன. வங்கியில் நாம் தட்டச்சும் கடவுச்சொல்லும், நண்பருக்கு எழுதும் கடிதமும் வி.பி.என். இல்லாமலே சேவைக்காரருக்குப் புலப்படுவதில்லை. அவருக்குப் புலப்படுவது முக்கியமாகத் தளத்தின் பெயரே. பெயர்களைத் தேடும் டி.என்.எஸ். கேள்விகளை மறையாக்கி அனுப்பும் வசதியைச் செலவில்லாமல் ரவுட்டரிலேயே செய்துகொள்ள முடியும். இணைப்புத் தொடங்கும்போது வெளிப்படும் பெயர் அதற்குப் பின்னும் தெரியுமென்பது உண்மைதான். அந்த எஞ்சிய பெயரை மறைப்பதற்காக வீட்டின் முழுப் போக்குவரத்தையும் வேறொரு வியாபாரியிடம் ஒப்படைப்பது தகுமா என்பதை ஒவ்வொருவரும் தம் நிலைமைக்கேற்ப யோசித்துக்கொள்ள வேண்டும். அடையாளமே தெரியாமல் உலாவலாம் என்ற விளம்பர வாசகத்தையோ நான் அடியோடு மறுக்கிறேன். தம்முடைய கணக்கில் உள்நுழைந்தபடியே தேடுகிறவர் எந்த ஊர் விலாசத்திலிருந்து தேடினாலும் அவர் இன்னார் என்று தேடுபொறிக்குத் தெரியும்.

இந்தியாவில் இருப்பவர்கள் சட்டத்தின் நிலையையும் அறிந்திருக்க வேண்டும். 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் என்ற மத்திய அரசாங்க நிறுவனம் பிறப்பித்த உத்தரவின்படி, பொதுமக்களுக்கு வி.பி.என். சேவை விற்கிறவர்கள் வாடிக்கையாளரின் பெயர், விலாசம், கொடுக்கப்பட்ட ஐ.பி. முதலிய விவரங்களை ஐந்தாண்டுக் காலம் வைத்திருக்கவேண்டும். பதிவேடு வைப்பதில்லை என்பதையே தங்கள் விற்பனைச் சரக்காகக் கொண்ட பெரிய ஸ்தாபனங்கள் பல, இந்த உத்தரவை ஒட்டி இந்தியாவிலிருந்த தங்கள் சர்வர்களை அகற்றிக்கொண்டன. இதனால், இங்கிருந்து அவர்களுடைய சேவையைப் பயன்படுத்துகிறவரின் பொதிகள் சிங்கப்பூருக்கோ அதற்கப்பாலோ போய்த் திரும்பி வரவேண்டியிருக்கிறது. அடுத்த தெருவில் இருக்கும் வங்கியின் தளத்தைப் பார்ப்பதற்கும் கடல் கடந்த பிரயாணந்தான்.

ரவுட்டரில் அமைப்பதன் தலையாய குறை என்று முன்னே குறிப்பிட்டேனே, அது இந்த இடத்தில்தான் வெளிப்படுகிறது. கைப்பேசியில் வி.பி.என். போட்டுக்கொள்ளுகிறவர் தமக்காக மட்டும் தீர்மானிக்கிறார். வேண்டாதபோது ஒரு விரலால் நிறுத்தியும் விடுகிறார். ரவுட்டரில் போடுகிறவர் வீட்டிலுள்ள அனைவருக்காகவும் தீர்மானிக்கிறார். அம்மா வங்கிக் கணக்கைத் திறந்தால், வழக்கமில்லாத அயல்நாட்டு விலாசத்திலிருந்து வருகிறாரே என்று வங்கி சந்தேகப்பட்டுக் கூடுதல் சோதனை கேட்கிறது. வெளிநாட்டு விலாசங்களுக்குத் திறக்காத அரசாங்கத் தளங்கள் சில, மகளின் விண்ணப்பப் பக்கத்தைக் காட்ட மறுக்கின்றன. 2016 முதற்கொண்டு நெட்ஃபிளிக்ஸ் போன்ற சேவைகள் வி.பி.என். விலாசங்களைத் தேடித் தேடித் தடுத்துவருவதால் தாத்தாவின் படம் நின்றுபோகிறது. நான் மனிதன்தான், யந்திரமல்ல என்று மெய்ப்பிக்கும் படப் புதிர்களை வீட்டார் எல்லோரும் நாள் முழுவதும் தீர்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. இவர்கள் யாரும் இந்த ஏற்பாட்டைக் கேட்டவர்கள் அல்லர். பலருக்கு அது இருப்பதே தெரியாது. மகனோ மருமகனோ தம் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ளச் செய்த காரியம், மற்றவர்களுடைய போக்குவரத்தை அவர்களுடைய சம்மதமின்றி ஓர் அந்நியரிடம் ஒப்படைக்கும் காரியமாக முடிகிறது. அந்தரங்கத்தின் பெயரால் செய்யப்படுகிற ஒன்றில் இது சிறிய தவறு அன்று என்று கருதுகிறேன். எந்தக் கருவி சுரங்கத்தின் வழியாகப் போகவேண்டும், எது நேராகப் போகவேண்டும் என்று பிரித்து அமைக்கும் வசதி நல்ல ரவுட்டர்களில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தி, கேட்டவருடைய கருவிக்கு மட்டும் சுரங்கத்தைக் கொடுப்பதே நியாயம்.

அந்தரங்கம் உயிர்ப் பிரச்சினையாக இருக்கும் பத்திரிகையாளர் முதலியோருக்கும் ரவுட்டர் ஏற்ற இடமன்று. வாசற்படி தாண்டியவுடன் கைப்பேசி அந்தச் சுரங்கத்தை விட்டு வெளியேறிவிடுகிறது. வீட்டுக்குள்ளேயுங்கூட, ஐ.பி.வி.4 போக்குவரத்தை மட்டும் சுரங்கத்தில் செலுத்தி, ஐ.பி.வி.6 என்ற புதிய முறையை மறந்துவிட்ட ரவுட்டரில், பாதிப் பொதிகள் வீட்டின் உண்மை விலாசத்தோடேயே வெளியே போய்க்கொண்டிருக்கும். இப்படிப்பட்டவர்கள் தங்கள் கையிலுள்ள கருவியிலேயே வி.பி.என். அமைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது ஏற்பாட்டுக்கு, அதாவது ரவுட்டரைச் சர்வராக்கும் வழக்கத்துக்கு, வரும்போது என் மதிப்பீடு முற்றிலும் மாறுகிறது. வாசல் காமிராவை வெளியூரிலிருந்து பார்க்கவேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்காக, காமிரா பொருத்த வருகிறவர்கள் ரவுட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்து காமிராவை நேராக உலகத்துக்குக் காட்டிவிட்டுப் போவதுண்டு. இதன் அபாயம் 2016-இல் மிராய் என்ற தீநிரலால் உலகறிய வெளிப்பட்டது. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் இணையத்தில் விட்டிருந்த காமிராக்களையும் வீடியோப் பதிவுப் பெட்டிகளையும், அறுபதுக்குச் சற்று மேற்பட்ட பெயர்-கடவுச்சொல் ஜோடிகளை மட்டும் வைத்துக்கொண்டு அது லட்சக்கணக்கில் கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அவற்றின் படையைக்கொண்டே டைன் என்ற டி.என்.எஸ். ஸ்தாபனத்தைத் தாக்கி, ட்விட்டர் முதலிய பெருந்தளங்களை அமெரிக்காவில் பல மணி நேரம் எட்டாதபடி செய்தார்கள். காமிராவின் போர்ட்டை மூடிவிட்டு, வயர்கார்டின் போர்ட் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் இந்த அபாயம் அகலுகிறது. சரியான சாவி இல்லாமல் தட்டுகிறவருக்கு வயர்கார்ட் இல்லை என்றுகூடப் பதில் சொல்வதில்லை. அங்கே ஒன்று இருப்பதாகவே வெளியிலிருந்து துழாவுகிறவருக்குத் தெரியாது. குடும்பத்தில் ஒவ்வொருவருடைய ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிச் சாவி கொடுத்துவிட்டால், ரெயிலில் ஒரு கைப்பேசி தொலைந்துபோனாலும், அந்த ஒரு வரியை ரவுட்டரிலிருந்து அழித்தால் போதும். மற்றவர்களுக்கு எந்தத் தொந்தரவுமில்லை. எல்லோருக்கும் ஒரே சாவியைப் படியெடுத்துக் கொடுப்பவர்கள் இந்த அருமையான வசதியை இழப்பதோடு, ஒரே சமயத்தில் இருவர் இணைந்தால் இணைப்பு இங்கும் அங்கும் அலைந்து அறுந்துபோவதையும் காண்பார்கள்.

ஹோட்டலிலும் விமான நிலையத்திலும் கிடைக்கும் இலவச வைஃபையையோ, திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் முப்பது பேர் பங்கிட்டுக்கொள்ளும் இணைப்பையோ நம்பமுடியாதவர், தம் போக்குவரத்து முழுவதையும் சொந்த வீட்டுக்கு அனுப்பி அங்கிருந்து வெளியே விடலாம். இந்த நிலையில் வி.பி.என். தரும் பாதுகாப்பு பூரணமானது. ஏனெனில் வழியிலுள்ளவர்களிடம் வைக்க விரும்பாத நம்பிக்கையை, தாம் ஏற்கெனவே நம்பும் தம் வீட்டு இணைப்பின்மேல் வைக்கிறார். யோனன் மத்திய ஆசியாவில் தேடியதும் இதைத்தான். அமைக்கும்போது ஒன்றை மட்டும் கவனிக்கவேண்டும். வீட்டு ரவுட்டர்கள் பலவும் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே 192.168.1 என்று தொடங்கும் விலாசங்களைக் கையாளும்படி அமைந்திருக்கின்றன. தங்கும் விடுதியின் ரவுட்டரும் அதே விலாசங்களைக் கையாண்டால், வீட்டு அச்சு யந்திரத்தைத் தேடிப் புறப்பட்ட பொதி விடுதிக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். சர்வர் அமைக்கும் அன்றே வீட்டு விலாசத்தை 10.83.27 என்பதுபோல், பிறர் எளிதில் தேர்ந்தெடுக்காத ஒன்றாக மாற்றிவிடுவது உத்தமம்.

இவ்வளவு நல்ல ஏற்பாட்டுக்கு நம் நாட்டில் குறுக்கே நிற்பது தொழில்நுட்பக் குறை என்று சொல்வதைவிட, விலாசப் பஞ்சம் என்று சொல்வதே பொருந்தும். ஐ.பி.வி.4 விலாசங்களின் மத்தியக் களஞ்சியம் 2011 பிப்ரவரியில் காலியாயிற்று. அதன்பின் சேவைக்காரர்கள் ஒரு பொது விலாசத்தைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் சி.ஜி.நாட் என்ற முறையைக் கையாளலானார்கள். அதற்கென்றே 2012-இல் 100.64 முதல் 100.127 வரையுள்ள விலாசத் தொகுதி ஒதுக்கப்பட்டது. ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வெளி விலாசம் இந்த வரம்புக்குள் இருந்தால், அந்த வீட்டை வெளியிலிருந்து நேராக அணுக இயலாது. எத்தனை போர்ட்டுகளைத் திறந்தாலும் வீண். கூடுதல் கட்டணம் கட்டி நிலையான விலாசம் வாங்குவது ஒரு வழி. வீட்டிலும் கைப்பேசியிலும் ஐ.பி.வி.6 இருந்தால் அதன் மூலம் வருவது மற்றொரு வழி. வாடகைச் சர்வர் ஒன்றில் இரு முனைகளையும் சந்திக்கவைப்பது மூன்றாவது. இந்த மூன்றாவதில் அந்நியர் ஒருவர் மீண்டும் நடுவில் வந்துவிடுகிறார் என்றாலும், சாவிகளை வீட்டிலும் கைப்பேசியிலும் மட்டுமே வைத்து, மறையாக்கத்தை அந்த இரு முனைகளுக்கிடையே அமைத்துக்கொண்டால், அவர் பொதிகளைக் கைமாற்றுவாரேயன்றி உடைத்துப் பார்க்க இயலாது. வீட்டுக்கு ஒரு பொது விலாசம் என்பது சலுகையாக விற்கப்படாமல், கேட்டவர்க்கெல்லாம் நியாயமான கட்டணத்தில் கிடைக்கவேண்டும் என்று வாடிக்கையாளர்கள் வற்புறுத்தவேண்டும். கேட்கத் தெரிந்தவர்கள் குறைவாக இருப்பதாலேயே அது இன்று அரிதாக இருக்கிறது.

கடைசியாக, பழுதின் பாரம் யார்மேல் விழுகிறது என்பதையும் கணக்கில் சேர்க்கவேண்டும். ரவுட்டர் என்பது ஒருமுறை அமைத்துவிட்டு மறந்துபோகக்கூடிய யந்திரமன்று. 2018 மே மாதத்தில் வி.பி.என்.ஃபில்டர் என்ற தீநிரல் 54 நாடுகளில் குறைந்தது ஐந்து லட்சம் ரவுட்டர்களிலும் அவை போன்ற கருவிகளிலும் புகுந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டபோது, பழைய மென்பொருளோடு விடப்பட்டிருந்த பெட்டிகள் எவ்வளவு என்பது தெரியவந்தது. நம் குடும்பங்களில் இதை அமைப்பவர் பெரும்பாலும் வெளியூரிலோ வெளிநாட்டிலோ வேலை பார்க்கும் பிள்ளை. விடுமுறைக்கு வந்தபோது அமைத்துவிட்டுப் போய்விடுகிறார். வீட்டில் இருப்பவர்கள் வயதான பெற்றோர். வாடகைச் சுரங்கத்தின் வழியாகவே எல்லாம் போகவேண்டும் என்று கண்டிப்பாக அமைத்த வீட்டில், சந்தா முடிந்தாலும், சர்வர் இடம் மாறினாலும், மின்வெட்டுக்குப் பின் தேதி தவறினாலும், அந்தப் பெற்றோருக்கு இணையமே இல்லாமற் போகும். மின் கட்டணம் கட்டமுடியாது, பிள்ளையைக் காணொளியில் அழைத்துச் சொல்லவும் முடியாது. சேவைக்காரருக்குப் புகார் செய்தால், வந்து பார்க்கிறவர் இணைப்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். ரவுட்டரைச் சர்வராக வைத்த வீட்டிலோ, அதே கோளாறுகள் நேர்ந்தாலும் பெற்றோருடைய இணையம் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டுக்குள் வரமுடியாமல் வெளியே நிற்பவர், அதை அமைத்த பிள்ளை ஒருவர்தான். அவர் அப்பாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு, ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடச் சொல்லிக் காத்திருக்கலாம்.